பழைய நகையின் உண்மையான வயதைக் கணிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

தங்கத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அது தன் வயதைச் சொல்லாது. வைரமும் அப்படித்தான். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கல்லுக்கு இருநூறு வருடம் ஒரு கணக்கே இல்லை. போதாக்குறைக்கு, பழைய தங்கத்தை உருக்கிப் புதிய நகை செய்வார்கள், ஒன்றிலிருந்து கழற்றிய கல்லை இன்னொன்றில் பதிப்பார்கள். அதனால் நாம் கணிக்கக்கூடியது செய்நேர்த்தியின் வயதை மட்டும்தான்: எதைக் கொண்டு அறுத்தார்கள், எப்படிப் பற்றவைத்தார்கள், என்ன கொக்கி வைத்தார்கள், யார் முத்திரை குத்தினார்கள்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. ஒரு நகை, அதில் ஆரம்பம் முதல் இருக்கும் பாகங்களில் மிகப் புதியது எதுவோ, அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. விதி எளிது. 'ஆரம்பம் முதல்' என்பதை நிரூபிப்பதுதான் பாடு. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

வணிக வழக்கில் 100 ஆண்டு கடந்ததை ஆன்டிக் என்பார்கள், அதற்குக் குறைந்ததை விண்டேஜ் என்பார்கள். நகையோடு சேர்ந்து வரும் குடும்பக் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள், குறித்தும் வையுங்கள். ஆனால் சோதனை முடியும் வரை அதை ஓரமாக வைத்துவிடுங்கள். கதை கைமாறக் கைமாற வயது கூடுமே தவிரக் குறையாது.

படி 1: முதலில் கழுவாதீர்கள்

பழைய நகை கையில் கிடைத்ததும் பளபளப்பாக்கிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். இடுக்கில் படிந்த அழுக்கும் ஒரு சான்று. உண்மையான அழுக்கு, விரல் போகாத மூலைகளில் அடர்த்தியாகவும் தேயும் இடங்களில் இல்லாமலும் இருக்கும். செயற்கையாகக் கருக்கியது எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு. 18-ம் நூற்றாண்டிலும் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கல்லுக்குப் பின்னால் மெல்லிய உலோகத்தாள் வைத்து மூடிக் கட்டினார்கள். அதற்குள் தண்ணீர் போனால் தாள் கறுத்து, கல்லே செத்ததுபோல் ஆகிவிடும். ஒலி அலையால் கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தின் பக்கமே போகக்கூடாது.

தேவையான கருவிகள் குறைவு: 10 மடங்கு பெருக்கிக் காட்டும் லூப், நல்ல வெளிச்சம், வெள்ளைத்தாள், குறிப்பேடு. சிறிய புறஊதா டார்ச் இருந்தால் நல்லது. லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நகையை அதை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பலரும் நகையின் மேல் லூப்பை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து குனிந்து பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

படி 2: திருப்பிப் போட்டுப் பாருங்கள்

முன்பக்கம் மற்றவர்கள் பார்க்கச் செய்தது. போலி செய்பவரும் அங்கேதான் கவனம் வைப்பார். கொக்கி, கீல், திருகு போன்றவற்றுக்கு அந்த அளவு மெனக்கெடுவது குறைவு. அதனால் பின்பக்கத்திலிருந்து தொடங்குவது லாபம்.

ஆடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகையான ப்ரூச் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஊசியின் நுனி எங்கே போய் உட்காருகிறது? வெறுமனே வளைத்த கம்பிபோல், 'C' வடிவத்தில், பூட்டு எதுவும் இல்லாமல் இருந்தால் அது பழைய முறை. 20-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இதுதான் பரவலாக இருந்தது. நுனி கொக்கியைத் தாண்டி, சில சமயம் நகையின் விளிம்பையே தாண்டி நீண்டிருந்தால் இன்னும் நல்ல அறிகுறி. பூட்டு இல்லாத காலத்தில் அந்த நீண்ட நுனியைத் திரும்பவும் துணிக்குள் குத்திவிடுவார்கள், கழன்று விழாது. சுழற்றிப் பூட்டும் சிறிய உருளையுள்ள கொக்கி 20-ம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில்தான் பரவியது. கீலையும் பாருங்கள். மூன்று சிறு குழாய்களை வரிசையாக வைத்து நடுவே கம்பி செருகியிருந்தால் 19-ம் நூற்றாண்டு வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, கொக்கி புதியதாக இருந்தால் நகையே புதியது என்று அர்த்தமா? இல்லை. கொக்கிதான் அடிக்கடி உடையும், அடிக்கடி மாற்றப்படும் பாகம். இங்கே லூப் பேசும். கொக்கியின் அடியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெழுகு வழிந்ததுபோல் ஈயப் பற்று தெரிந்தால், பின்னாளில் யாரோ அவசரமாக ஒட்டியிருக்கிறார்கள். அதே உலோக நிறத்தில், சுத்தமாக, பழைய தேய்மானத்தோடு இணைப்பு இருந்தால் அது ஆரம்பம் முதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே, முன்பு வேறு ஏதோ ஒட்டியிருந்த தடமோ அடைத்த துளையோ தெரிகிறதா என்றும் தேடுங்கள். பதக்கம் ப்ரூச் ஆகும், ஒற்றைக் கம்மல் மோதிரமாகும், சட்டை பட்டன் கம்மலாகும்.

காதணிகளில் வேறு கணக்கு. காது குத்தாதவர்கள் அணியும் திருகு வகை 1890களில் வந்தது, அழுத்திக் கவ்வும் கிளிப் வகை 1930களில். சங்கிலியில் ஸ்பிரிங் உள்ள வட்டக் கொக்கி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. நண்டின் கொடுக்குபோல் இருக்கும் கொக்கி 1970களுக்குப் பின்தான் சாதாரணமானது. கூட்டல் குறி வெட்டிய திருகு எங்காவது இருந்தால், அந்தத் திருகுக்கான காப்புரிமை 1936-ல் பெறப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

படி 3: முத்திரையைப் படியுங்கள், ஆனால் மயங்காதீர்கள்

முத்திரை இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்போம். ஓரளவு உண்மை. மோதிரத்தின் உள்வளையம், கொக்கியின் நாக்கு, ஊசியின் தண்டு, பதக்கத்தின் வளையம் எல்லாவற்றையும் தேடுங்கள்.

மிகத் துல்லியமாக ஆண்டு சொல்வது பிரிட்டிஷ் முத்திரை முறை. நகையைச் சோதித்த நகரத்தின் குறி (பர்மிங்காமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, எடின்பரோவுக்குக் கோட்டை), தங்கத்தின் தரம், செய்தவரின் எழுத்துகள், ஆண்டெழுத்து என்று வரிசையாக இருக்கும். ஆண்டெழுத்து ஒரு சுற்று முடிந்ததும் திரும்ப வரும். அதனால் எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது. எழுத்தின் வடிவம், அதைச் சுற்றியுள்ள கேடயத்தின் வடிவம், நகரம் மூன்றும் பட்டியலோடு பொருந்த வேண்டும். 1975-க்கு முன் எழுத்து ஆண்டின் நடுவில் மாறியது, ஆகவே ஓர் எழுத்து இரண்டு ஆண்டுகளில் கால் வைத்திருக்கும். 1999-லிருந்து ஆண்டெழுத்து கட்டாயமில்லை.

தரத்தைச் சொல்லும் எண்ணே சில சமயம் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பிரிட்டனில் 15 காரட், 12 காரட், 9 காரட் மூன்றும் 1854-ல் அனுமதிக்கப்பட்டன. 15-உம் 12-உம் 1932-ல் கைவிடப்பட்டு, அவற்றின் இடத்தில் 14 வந்தது. ஆக, 15 என்றும் .625 என்றும் குத்தியிருந்தால் 78 ஆண்டுகளுக்குள் வந்து நின்றுவிட்டீர்கள். எனக்கு மிகப் பிடித்த முத்திரை இதுதான், பட்டியலே வேண்டாம். 9 என்ற எண்ணோடு .375 சேர்ந்திருந்தால் 1975-க்கு முந்தையது. மன்னர் அல்லது அரசியின் தலை தனியாகக் குத்தியிருந்தால் அது வரி செலுத்தியதற்கான குறி, 1784 முதல் 1890 வரை.

பிரான்சில் 18 காரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை 1838 முதல், பிளாட்டினத்துக்கு நாய்த் தலை 1912 முதல். ரஷ்ய நகைகளில் 56 என்ற எண் 14 காரட்டுக்கு நிகரானது. பக்கத்தில் உள்ள பெண்ணின் தலை இடப்பக்கம் பார்த்தால் 1908-க்கு முன், வலப்பக்கம் பார்த்தால் அதற்குப் பின். ஆனால் ரஷ்ய முத்திரைகளைப் போலியாகக் குத்துவது ஒரு தொழிலாகவே நடக்கிறது, எனவே அதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். அமெரிக்காவில் காரட் முத்திரையை ஒழுங்குபடுத்திய தேசியச் சட்டம் 1906-ல்தான் வந்தது.

வடிவமைப்புப் பதிவு எண்களும் உதவும். பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை சாய்சதுரக் குறி, 1884 முதல் வரிசை எண். அமெரிக்கக் காப்புரிமை எண்ணில் பத்து லட்சமாவது 1911 ஆகஸ்டில் வழங்கப்பட்டது. அதைவிடப் பெரிய எண் கண்டால் அதற்குப் பிந்தையது. இவை பதிவு செய்த நாளைச் சொல்லுமே தவிர, உங்கள் கையில் இருப்பதைச் செய்த நாளைச் சொல்லாது. ஒரு நல்ல வடிவத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து செய்திருப்பார்கள்.

முத்திரை ஏமாற்றும் வழிகள் மூன்று. ஒன்று, பழைய முத்திரையுள்ள துண்டை வெட்டிப் புதிய நகையில் பற்றவைப்பது. மூச்சை ஊதி உலோகத்தைப் பனிக்க வைத்தால் முத்திரையைச் சுற்றியுள்ள இணைப்புக் கோடு சில சமயம் தெரியும். இரண்டு, முத்திரை உண்மை, நகையும் உண்மை, ஆனால் முத்திரையின் ஆண்டு சோதனை செய்த ஆண்டு; முத்திரையே இல்லாத பழைய நகையை இன்று சோதனைக்குக் கொடுத்தால் இன்றைய ஆண்டுதான் விழும். மூன்று, முத்திரையை நகையோடு சேர்த்தே வார்த்துவிடுவது. உளியால் குத்திய முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். வார்த்த முத்திரை சோப்பில் அழுத்தியதுபோல் மழுங்கியிருக்கும்.

முத்திரையே இல்லையென்றால்? கவலை வேண்டாம். சிறிய நகைகளுக்கு முத்திரை கட்டாயமில்லாத காலமும் நாடும் நிறைய உண்டு.

படி 4: கற்களை விசாரியுங்கள்

கல்லின் வயது உதவாது என்று சொன்னேன். ஆனால் அதைப் பட்டை தீட்டிய விதமும், அந்தக் கல் உலகுக்கு அறிமுகமான ஆண்டும் உதவும்.

வைரத்தை மேலிருந்து லூப்பால் பாருங்கள். நடுவில் ஒரு சிறிய வட்டம், ஜன்னல்போல் தெரிகிறதா? கல்லின் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள், அதுதான் மேல்முகம் வழியாகத் தெரிகிறது. பழைய வெட்டின் கையெழுத்து அது. வெளிவிளிம்பு சதுரமும் வட்டமும் கலந்த தலையணை வடிவில், மேற்பகுதி உயரமாக, மேல்தட்டு சிறியதாக இருந்தால் ஓல்ட் மைன் கட். 18, 19-ம் நூற்றாண்டுகளுக்கு உரியது. அதே சாயலில் விளிம்பு வட்டமானால் ஓல்ட் யூரோப்பியன் கட். இயந்திரத்தால் கல்லின் இடைவிளிம்பை வட்டமாக்கும் முறை 1870களில் வந்த பின், 19-ம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1930கள் வரை இது கோலோச்சியது. அடி தட்டையாக, மேலே முக்கோணப் பட்டைகள் குவிந்து எழுந்தால் ரோஸ் கட். இன்றைய வட்ட வெட்டின் அளவுகளைப் பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி வெளியிட்டது 1919-ல். ஆகவே 'விக்டோரியா காலத்து' நகையில் கச்சிதமான நவீன வெட்டு இருந்தால், கல்லை மாற்றியிருக்கிறார்கள் அல்லது மொத்தமும் புதிது. மறுதலையாக யோசிக்கவும் வேண்டும்: ரோஸ் கட் இன்றும் வெட்டப்படுகிறது, பழைய வைரங்கள் புதிய மோதிரத்திலும் ஏறுகின்றன.

கற்களின் அறிமுக ஆண்டுகள் பொய்யை உடனே உடைத்துவிடும். டான்சனைட் என்ற நீலக்கல் வகை 1967-ல் கண்டறியப்பட்டது, வைரம்போல் மின்னும் செயற்கைக் கல்லான க்யூபிக் சிர்கோனியா 1976-ல் சந்தைக்கு வந்தது, குன்சைட் என்ற இளஞ்சிவப்புக் கல் 1902-ஐச் சேர்ந்தது. டெமன்டாய்ட் என்ற பச்சைக் கார்னெட் இருந்தால் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதிக்கு முன் போக முடியாது. உருண்டையான வளர்ப்பு முத்துகள் வணிகத்துக்கு வந்தது 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், பரவலானது 1920களில்.

செயற்கை மாணிக்கம் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. செயற்கைக் கல் என்றாலே நகை போலி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய், செயற்கை மாணிக்கம் செய்யும் தன் சுடர் உருக்கு முறையை 1902-ல் அறிவித்தார். அதன் பின் வந்த 1920களின் ஆர்ட் டெகோ (நேர்கோடுகளும் வடிவியல் உருவங்களும் நிறைந்த பாணி) நகைகளில், அசல் வைரங்களுக்குப் பக்கத்திலேயே செயற்கை மாணிக்கமும் நீலமும் மனமறிந்து பதிக்கப்பட்டன. அங்கே அது காலத்துக்குப் பொருத்தமான சான்று. 1860-ஐச் சேர்ந்தது என்று சொல்லும் நகையில் இருந்தால்தான் சந்தேகம். கல்லுக்குள் வளைந்த கோடுகளும் குட்டிக் காற்றுக்குமிழிகளும் தெரிந்தால் அது அந்த முறையில் ஆனது. இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவே ஓடும்.

இன்னொரு எளிய சோதனை. 19-ம் நூற்றாண்டில் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புக் கார்னெட் சீவலை உருக்கி ஒட்டி எல்லா நிறத்திலும் கல் செய்தார்கள். கழன்ற கல்லை வெள்ளைத்தாளின் மேல் கவிழ்த்து வையுங்கள். பச்சையோ நீலமோ, எதுவானாலும் ஓரத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் தெரியும். நகை பழையதாக இருக்கலாம், கல்தான் மரகதம் இல்லை.

படி 5: உலோகமும் மற்றவையும்

நகையில் பிளாட்டினம் பரவியது 1900-ஐ ஒட்டித்தான். அதை உருக்கும் சூடு தரும் சுடர் அப்போதுதான் பட்டறைக்கு வந்தது. வெள்ளைத் தங்கம் அதற்கும் பின்னால், 1910களில். அதன் மேல் வெண்மைக்காகப் பூசும் ரோடியம் என்ற உலோகப் பூச்சு 1930களிலிருந்து. 1942-ல் அமெரிக்க அரசு பிளாட்டினத்தைப் போர்த்தேவைக்கு ஒதுக்கியதால் அந்தக் காலத்து நகைகளில் தங்கமும் பல்லேடியமும் அதிகம். மின்முலாம் பூசும் முறைக்கு எல்கிங்டன் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1840-ல். அதற்கு முன் பாதரசம் கலந்து சூடேற்றித்தான் முலாம் பூசினார்கள்.

கறுப்பு நகைகளில் குழப்பம் அதிகம். மரம் புதைந்து கல்லானதுபோல் உருவான ஜெட் லேசானது, தொட்டால் குளிராது. கண்ணாடி கனமானது, சில்லென்று இருக்கும். கடின ரப்பரான வல்கனைட் வெளிச்சத்தில் பழுப்பேறும், அச்சில் வார்த்த கோடு ஓரத்தில் தெரியும். ஆரம்பகால பிளாஸ்டிக்குகளில் செல்லுலாய்ட் 1870-ஐ ஒட்டி வந்தது, பேக்லைட் 1907-ல் உருவானது. சூடேற்றிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள், செல்லுலாய்ட் தீப்பிடிக்கும். செல்லுலாய்டை விரலால் வேகமாகத் தேய்த்தாலே கற்பூர வாசனை வரும், அது போதும்.

லாக்கெட்டில் புகைப்படம் வைக்கும் சட்டம் ஆரம்பத்திலிருந்தே இருந்தால், புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839-க்குப் பின்தான். பொறித்த பெயரும் தேதியும் பின்னாளில் சேர்த்ததாக இருக்கலாம். சுற்றியுள்ள தேய்மானம் எழுத்தின் மேலும் படர்ந்திருக்கிறதா, அல்லது தேய்ந்த பரப்பில் புதிதாக வெட்டியதுபோல் எழுத்து கூர்மையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

படி 6: செய்த கை எது?

எட்வர்ட் மன்னர் காலத்துச் (1901-1910) சல்லடை வேலைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாட்டினத் தகட்டில் ஒவ்வொரு துளையையும் நூல்போன்ற ரம்பத்தால் அறுத்தார்கள். துளையின் உட்சுவரில் அறுத்த மெல்லிய கீற்றுகள் நேராகத் தெரியும், மூலைகள் கூராக இருக்கும். அதே வடிவத்தை ரப்பர் அச்சில் மெழுகெடுத்து வார்த்தால் மூலைகள் மழுங்கும், உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும், அங்கங்கே குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரியும். இந்த ரப்பர் அச்சு முறை நகைத்தொழிலில் பரவியது 1930, 40களில். கணினியில் வரைந்து அச்சிட்டதில், பாலிஷ் எட்டாத இடுக்குகளில் மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் இருக்கும்.

வார்ப்பு என்றதும் புதியது என்று முடிவு கட்டவும் கூடாது. மெழுகு வார்ப்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழைய கலை. தவறான காலத்தின் பாணியில், தவறான இடத்தில் வார்ப்பு இருந்தால்தான் கேள்வி. விளிம்பில் வரிசையாக ஓடும் குட்டி மணிகளும் இப்படித்தான்: உருளையால் உருட்டியது மணிமணியாகப் பிரிந்து நிற்கும், வார்த்தது ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

படி 7: தேய்மானம்

அணிந்தால் எங்கே உரசுமோ அங்கேதான் தேய வேண்டும். மோதிரத்தில் உள்ளங்கைப் பக்கம் மெலியும், சங்கிலியில் வளையங்கள் சந்திக்கும் இடம் குழியும், பதக்கத்தின் தொங்கு வளையம் மேலே ஒல்லியாகும். செயற்கையாகத் தேய்த்தது எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, பெரும்பாலும் ஒரே திசைக் கீறல்களோடு இருக்கும். வளையம் காகிதம்போல் தேய்ந்திருக்க, கல்லைப் பிடிக்கும் கால்கள் மட்டும் புத்தம் புதிதாக நின்றால், முகப்பை மாற்றியிருக்கிறார்கள்.

படி 8: பாணியைக் கடைசியாகப் பாருங்கள்

பெரும்பாலான கையேடுகள் இதில்தான் தொடங்கும்: ஜார்ஜிய காலம் 1714 முதல் 1830களின் தொடக்கம் வரை, விக்டோரியா 1837 முதல் 1901, ஆர்ட் நூவோ 1890 முதல் 1910, ஆர்ட் டெகோ 1920, 30கள். தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் எளிதில் திரும்பச் செய்யக்கூடியது பாணி ஒன்றுதான். ஒவ்வொரு காலமும் தனக்கு முந்தைய காலத்தைப் பிரதி எடுத்திருக்கிறது. 1860களில் ரோம் நகரப் பொற்கொல்லர்களான காஸ்தெல்லானி குடும்பம், பண்டைய இத்தாலியின் எட்ருஸ்கன் மக்களின் இரண்டாயிரம் ஆண்டு பழைய நகைகளின் சாயலில் செய்த வேலைகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நகை எந்தக் காலத்துக்கு முன்னால் போக முடியாது என்று பாணி சொல்லும். பின்னால் எவ்வளவு தூரம் வரலாம் என்று சொல்லாது.

படி 9: சான்றுகளை எதிரெதிரே நிறுத்துங்கள்

ஒரு மோதிரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 18, கிரீடம் (தங்கத்தின் தரக்குறி), நங்கூரம், 1912-ஐக் காட்டும் ஆண்டெழுத்து, பக்கத்தில் பிளாட்டினம் என்பதன் சுருக்கம். பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு அதிகாரபூர்வ முத்திரை 1975-ல்தான் வந்தது, ஆகவே அந்தச் சுருக்கம் செய்தவரே குத்தியது, அது பொருந்துகிறது. ஓரக் கற்கள் இரண்டிலும் நடுவே அந்தச் சிறு வட்டம் தெரிகிறது. பொருந்துகிறது. நடுக்கல்லில் வட்டம் இல்லை, வெட்டு நவீனமானது. அதைப் பிடிக்கும் நான்கு கால்களின் நுனி மட்டும் தேயாமல் உருண்டையாக, மற்ற கால்களைவிட வெளிறி இருக்கிறது. முகப்பும் வளையமும் சேரும் இடத்தில் இணைப்பு சுத்தமாக, இருபுறமும் ஒரே தேய்மானத்தோடு இருக்கிறது.

அப்படியானால் முடிவு: 1912-ஐ ஒட்டிய மோதிரம், முகப்பு அசல், நடுக்கல் பின்னாளில் மாற்றப்பட்டு கால்கள் புதுப்பிக்கப்பட்டவை. 'பழையதா புதியதா' என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வராது. குறிப்பேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வரி எழுதி, எந்தச் சான்று எந்த ஆண்டுக்கு முன் போகாது என்று குறித்துக்கொண்டே வந்தால் இந்த முடிவு தானாக வந்து நிற்கும். ஒரு சான்று மட்டும் மற்ற எல்லாவற்றோடும் மோதினால், பழுதுபார்ப்பு என்று முதலில் சந்தேகியுங்கள். மூன்று நான்கு மோதினால் பழைய துண்டுகளை ஒட்டிச் சேர்த்த நகை.

படி 10: ஆய்வகத்துக்கு எப்போது?

கல் இயற்கையா செயற்கையா, முத்து வளர்ப்பா என்பதெல்லாம் கண்ணால் தீராதபோது ரத்தினவியல் ஆய்வகம் வேண்டும். முத்தை எக்ஸ்ரேயில் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். உலோகக் கலவையை நகையைச் சுரண்டாமலே எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி அளந்துவிடும். ஆனால் அந்தக் கருவி தருவது கலவை விகிதம்தான், ஆண்டு அல்ல. ரேடியோகார்பன் முறை முத்து, தந்தம் போன்ற உயிர்ப்பொருள்களுக்கு மட்டும் பொருந்தும்; தங்கத்துக்கும் வைரத்துக்கும் அதில் வேலையில்லை. புறஊதா டார்ச்சில், கல்லின் அடியில் பசை பளீரென்று ஒளிர்ந்தால் அண்மையில் ஒட்டியது என்ற சந்தேகத்தோடு போங்கள்.

வாங்குவதாக இருந்தால் ரசீதின் சொற்களைக் கவனியுங்கள். 'ஆர்ட் டெகோ ஸ்டைல்' என்று எழுதினால் அந்தச் சாயலில் பின்னாளில் செய்தது என்று விற்பவரே ஒப்புக்கொள்கிறார். 'ஆர்ட் டெகோ, சுமார் 1925' என்று எழுதினால் காலத்துக்குப் பொறுப்பேற்கிறார். மாற்றிய கல், புதுப்பித்த கால், சேர்த்த கொக்கி ஆகியவற்றையும் அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் மேலே சொன்ன படிகளை இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் செய்து பாருங்கள்.